புண்ணுல புழு, பிழைச்ச சிப்பாய்

சாப்பிட்டுக்கிட்டே கேட்கறீங்கன்னா கொஞ்சம் பாஸ் பண்ணிட்டு வாங்க. இன்னைக்கு எபிசோட் முழுக்க புழுதான்.

1917, பிரான்ஸ். முதல் உலகப் போர். வில்லியம் பேர்னு ஒரு அமெரிக்க எலும்பு சர்ஜன். அவர்கிட்ட ரெண்டு சிப்பாய்களைத் தூக்கிட்டு வர்றாங்க. தொடை எலும்பு உடைஞ்சு வெளியே தெரியுது, வயித்துலயும் காயம். ஏழு நாள் போர்க்களத்துல சோறு தண்ணி இல்லாம கிடந்திருக்காங்க. இந்த மாதிரி தொடை முறிவு வந்தா, ஆஸ்பத்திரியில சேர்த்தாலும் பெரும்பாலானவங்க செத்துடுற காலம் அது. ஆனா இவங்களுக்குக் காய்ச்சல்கூட இல்ல. துணியை விலக்கிப் பார்த்தா ஆயிரக்கணக்குல ஈப்புழு நெளியுது. அதைக் கழுவித் தள்ளினா, உள்ள சீழ் இல்ல. நல்ல இளஞ்சிவப்புச் சதை வளர்ந்திருக்கு.

பேர் இதை மறக்கல. பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு, பால்டிமோர்ல, எலும்புல சீழ் பிடிச்ச குழந்தைங்களுக்கு வேணும்னே புழு வச்சார். தேறினாங்க. ஆனா சில நோயாளிங்களுக்கு டெட்டனஸ் வந்துச்சு, புழு சுத்தமா இல்லாததால. அதுக்கப்புறம் ஈ முட்டைகளைக் கிருமிநீக்கம் பண்ணி வளர்க்க ஆரம்பிச்சார். என்னைக் கேட்டா, சிப்பாய்களைக் கவனிச்சதைவிட இதுதான் பெரிய வேலை. 1931-ல அவர் இறந்துட்டார். லெடர்லே கம்பெனி 5 டாலருக்கு ஒரு பாட்டில் புழு வித்துச்சு. அமெரிக்காவுல 300-க்கு மேல ஆஸ்பத்திரிகள் இதைப் பயன்படுத்துச்சு.

1940-கள்ல பெனிசிலின் வந்துச்சு. அவ்வளவுதான், புழு காலி. யாருக்குத்தான் பிடிக்கும்? ஊசி ஒண்ணு போட்டா முடியுற வேலைக்கு எவன் புழு வளர்ப்பான்?

ஆனா பாக்டீரியா சும்மா இருக்கல. மெத்திசிலின் 1959-ல வந்துச்சு, 1961-லேயே அதுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பிரிட்டன்ல கிடைச்சிருச்சு. மருந்து கேட்காத புண்கள் பெருகினதும், 1990-கள்ல கலிஃபோர்னியாவுல ரொனால்ட் ஷெர்மன்ங்கிற டாக்டர் புழுவைத் திரும்பக் கொண்டு வந்தார். 2004-ல எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு, மெடிக்கல் டிவைஸ்னு வகைப்படுத்தி. உயிரோட நெளியுற ஹார்ட்வேர்!

சரி, புழு என்னதான் பண்ணுது? செத்த சதையைக் கரைச்சுக் குடிக்குது, அது ஒரு பக்கம். அழுகல்லயே வாழுற பூச்சி, கிருமியால சாகாம இருக்கணும்ல? அதுக்குத் தானே ஆயுதம் தயாரிக்குது. 2010-ல பிராக் நகர விஞ்ஞானிகள் பச்சை ஈயோட புழுவுல இருந்து லூசிஃபென்சின்னு ஒரு பெப்டைடைப் பிரிச்சாங்க. வெறும் 40 அமினோ அமிலம். ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரி கிராம்-பாசிட்டிவ் கிருமிகளைக் கொல்லுது.

உடனே மாத்திரையா போட முடியுமான்னு கேட்காதீங்க. பெப்டைடை முழுங்கினா நம்ம வயிறே நறுக்கித் தள்ளிடும். ஈ கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் கிருமிகள்கிட்ட லூசிஃபென்சின் பெருசா எடுபடவும் இல்ல. அதனால இன்னைக்கும் டாக்டர்கள் ஆறாத சர்க்கரைப் புண்ணுல வைக்கிறது, பிரிச்செடுத்த மருந்தை இல்ல. முழுப் புழுவைத்தான், டீ பேக் மாதிரி ஒரு சின்ன வலைப்பையில கட்டி.