எலும்பு சொல்லும் நடை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் ஓரத்துக் காட்டில் மரத்துக்கு மரம் தாவும் அணிலை நாம் பார்த்திருக்கிறோம். மூங்கில் புதரடியில் வளை தோண்டும் மூங்கில் எலியையும் அறிவோம். இரண்டும் கொறிக்கும் பிராணிகளே. ஆயினும் ஒன்று ஏறுகிறது, மற்றொன்று தோண்டுகிறது. இந்த வேறுபாடு அவற்றின் எலும்புகளிலேயே பதிந்திருக்கிறது.

தோண்டும் பிராணிக்கு முழங்கைக்குப் பின்னால் நீளும் எலும்பு முனை பெரிதாயிருக்கும். கடப்பாரை நீளமாயிருந்தால் கல்லை நெம்புவது சுலபம் அல்லவா? அதே தத்துவந்தான் இங்கும். மரமேறும் பிராணிக்கு வளைந்த கூரிய நகங்கள் இருக்கும். குதித்தோடும் பிராணிக்கோ பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட மிக நீண்டிருக்கும். உயிரோடுள்ள பிராணிகளின் எலும்புகளை முதலில் அளந்து, பிறகு பாறையில் கிடைத்த பழைய எலும்புகளோடு ஒப்பிட்டு, அழிந்துபோனவை எவ்வாறு நடமாடின என்று விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள்.

இந்த ஊகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் காட்டும் வரலாறு ஒன்றைக் கவனிப்போம்.

சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில் கிடைத்த கொறிப்பிராணி ஒன்றின் புதைபடிவத்துக்கு 1974இல் டயாட்டோமிஸ் என்று பெயரிட்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த எலும்புகள் நமக்கு அண்டை நாடான தாய்லாந்திலும் கிடைத்தன. அந்தக் குடும்பமே 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது என்று அறிஞர்கள் நம்பினார்கள். பாறையில் தட்டையாய் நசுங்கிக் கிடந்த எலும்புக்கூடு கால்களின் அளவைச் சொல்லும்; கால்களை எப்படி வைத்து நடந்தது என்பதை முழுவதும் சொல்லாது.

1996 முதல் லாவோஸ் நாட்டின் கம்முவான் மாநிலத்துச் சந்தையில், இறைச்சிக்காக விற்கப்பட்ட விநோதமான பிராணி ஒன்று ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டது. கிராமத்தார் அதைக் ‘கா-நியூ’ என்று அழைத்து வந்தார்கள். 2005இல் அதைப் புதிய பிராணி என்று அறிவித்தார்கள். மறு ஆண்டே, மேரி டாசன் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் மண்டையோட்டையும் பற்களையும் பழைய எலும்புகளோடு ஒப்பிட்டு, இது அழிந்ததாகக் கருதப்பட்ட அந்தக் குடும்பத்தின் பிராணி என்று நிறுவினார்கள்.

அதே 2006இல் டேவிட் ரெட்ஃபீல்டு, உதாய் திரீசுக்கோன் ஆகிய இருவர், கிராமத்தாரின் உதவியோடு ஒன்றை உயிருடன் பிடித்துப் படமெடுத்தார்கள். பின்னங்கால் பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி, வாத்தைப் போல் அசைந்து அசைந்து அது நடந்தது! சமதரையில் தடுமாறும் அந்த நடை, சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுவதற்கு வாகானது. பழைய டயாட்டோமிஸும் அப்படியே நடந்தது என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எலும்பை வாசிப்பதற்கு ஒரு புதிய துணை கிடைத்தது.

நேயர்களே, உலகம் அழிந்துவிட்டது என்று எண்ணியதைக் காட்டோரத்து எளிய மக்கள் நாள்தோறும் கண்டு, பெயர் சொல்லி அழைத்து வந்தார்கள். எலும்பை வாசிப்பவருக்கும் இத்தகைய கண்கள் தேவை. நிரையோரம் ஏதோ ஒன்று ஓடியது என்று நம் பிள்ளைகள் வந்து சொன்னால், எப்படி ஓடியது என்று கேட்போம். அறிவு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.