கொட்டும் மழையில் வந்தவரின் பெயர்

பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சங்கம் ஒன்று பெயர் மாற்றினால், புதுசா யாரோ பெரிய தொகை கொடுத்திருக்காங்கன்னு நினைப்போம். அமெரிக்காவின் 'பாப் வார்னர் லிட்டில் ஸ்காலர்ஸ்' கதை வேற மாதிரி. அதனாலதான் இங்கே குறித்து வைக்கிறேன்.

1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தொழிற்சாலையின் ஜன்னல் கண்ணாடிகளைப் பசங்க கல்லெறிந்து உடைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆலை முதலாளி தன் நண்பர் ஜோ டாம்லினிடம் யோசனை கேட்டார். அக்கம்பக்கத்து ஆலைக்காரர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் பசங்களை விளையாட்டில் இறக்கிவிடலாம் என்றார் டாம்லின். நாலு அணிகளோடு 'ஜூனியர் ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்' பிறந்தது. நாம ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுற அமெரிக்க ஆட்டம்.

1934 ஏப்ரலில் ஒரு பயிற்சிக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு கல்லூரிப் பயிற்சியாளர்களை அழைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து காற்றும் மழையும். வந்தது ஒரே ஒருத்தர்: டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருந்த கிளென் 'பாப்' வார்னர். ('பாப்' என்றால் அப்பா, கார்னெலில் படிச்சப்போ மத்த ஆட்டக்காரர்களைவிட வயசில் மூத்தவர். நம்ம ஊர்ல 'பெருசு'ன்னு கிண்டல் பண்ணுவோமே, அப்படி.) சுமார் 800 பசங்க முன்னால் இரண்டு மணி நேரம் பேசினாராம். அந்த இரவே சங்கம் 'பாப் வார்னர் கான்ஃபரன்ஸ்' ஆனது என்பது அமைப்பே சொல்லிவரும் வரலாறு.

இதோடு நிறுத்தினால் இனிப்பான கதை. ஆனால் வார்னர் புகழ் பெற்றது கார்லைல் பள்ளியில். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து 'நாகரிகப்படுத்த' 1879-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய அரசுப் பள்ளி அது. அங்கே பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழியைத் தடுத்தார்கள், சொந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்க வந்தபோது, வார்னர் வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று அவரிடம் ஆடிய மாணவர்களே சாட்சி சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்.

பிள்ளைகளின் பெயரைப் பறித்த பள்ளியில் பேர் வாங்கியவர். அவர் பெயரில்தான் வேறு பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள். மழையில் வந்த மனுஷர் பொய்யில்லை, கார்லைலும் பொய்யில்லை. ஒருத்தர் பெயரை எடுத்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்கணும்.

1959-இல் தேசிய அளவில் லாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிவானபோது 'லிட்டில் ஸ்காலர்ஸ்', அதாவது குட்டி அறிஞர்கள், என்பதும் ஒட்டிக்கொண்டது. இது வெறும் அலங்காரமில்லை: ஆட வரும் பிள்ளை படிப்பிலும் தேறணும், மதிப்பெண் அட்டையைக் காட்டணும். எனக்கு இந்தப் பின்பாதிதான் பிடிச்சிருக்கு. முன்பாதி ஒரு இரவுக்குச் சொன்ன நன்றி. பின்பாதி பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாத்துறீங்களான்னு எந்த அம்மாவும் போய்க் கேட்கலாம்.