லயத்து வீடும் சொந்த வீடும்: கணினியில் லினக்சும் தமிழும்

மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயத்து வீடு அவர்களுக்கு உரியதன்று. அவ்வீட்டில் பிறந்தனர், வளர்ந்தனர், பிள்ளைகளைப் பெற்றனர், ஆயினும் தோட்டம் கைமாறிய அன்றே வீட்டையும் இழந்தனர். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான தமிழர் இத்துன்பத்தை உற்றனர். இதற்கு மாற்றாகவே 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொண்டு தோட்டங்களையே வாங்கலாம் என்பது அதன் கொள்கை. குடியிருத்தல் வேறு, உடைமை கொள்ளுதல் வேறு என்னும் பாடத்தை மலேசியத் தமிழர் அன்று கற்றனர்.

அதே பாடம் பின்னர் வேறோர் உருவில் வந்தது. இம்முறை நிலத்தின்மேல் அன்று; கணினியின்மேல்.

விருந்தாளியாக வந்த தமிழ்

கணினியைத் தட்டியெழுப்புவது முதல் கோப்புகளைக் காப்பது வரை அனைத்துப் பணிகளையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதன்மேல் குடியிருப்பனவே. உலகின் பெரும்பாலான மேசைக் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோசே இயங்குதளமாக விளங்கி வருகின்றது. அதன் மூலநிரல் அந்நிறுவனத்தின் உடைமை. பயன்படுத்துவோர் உரிமக் கட்டணம் செலுத்திக் குடியிருக்கலாம்; சுவரில் ஓர் ஆணியை அடிக்க இயலாது.

தொடக்கத்தில் தமிழ் இவ்வீட்டில் விருந்தாளியாகவே தங்கியது. 1980களின் நடுவில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் எட்டும் சிங்கப்பூரில், எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை அமைத்தார். 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவராகவும் திகழ்ந்தார். இவர்தம் அரும்பணி இல்லையேல் இந்நாட்டுத் தமிழாசிரியர் கணினியில் ஒரு வினாத்தாளும் அச்சிட்டிருக்க இயலாது. ஆயினும் இவை யாவும் ஆங்கில இயங்குதளத்தின்மேல் போர்த்திய தமிழ் ஆடைகள். எழுதுவது தமிழாக இருந்தது. கணினி பேசியதோ ஆங்கிலமே. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடும் வேறுபட்டமையால், ஒரு பள்ளியில் தட்டச்சுச் செய்த கட்டுரை மற்றொரு பள்ளியின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதும் உண்டு.

1991ஆம் ஆண்டின் இரு விதைகள்

1991ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினசு தோர்வால்ட்சு, தாம் ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டைத் தந்தது. மற்றொன்று எங்கும் மாறாத எழுத்துக் குறியீட்டைத் தந்தது.

லினக்சின் சிறப்பு அதன் விலையின்மை அன்று. அதன் உரிமமே ஆகும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனூ இயக்கம் வகுத்த பொது உரிமத்தின்கீழ் 1992இல் லினக்ஸ் வந்தது. யாரும் அதனைப் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். 1996இல் தொடங்கிய கே.டி.ஈ. திட்டமும் 1997இல் தொடங்கிய குனோம் திட்டமும் அதற்குப் படங்களும் பட்டிகளும் கொண்ட அழகிய முகப்பை அமைத்தன. அம்முகப்பை எம்மொழியிலும் மாற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. சந்தை சிறிது என்று சொல்லி ஒரு மொழியை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் எவருக்கும் இல்லை.

சொல்லாக்கம் என்னும் உழைப்பு

இவ்வுரிமையைத் தமிழர் பற்றிக்கொண்டனர். 2000ஆம் ஆண்டை ஒட்டி, பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர் ஒன்றுகூடி, கே.டி.ஈ., குனோம் முகப்புகளைத் தமிழாக்கத் தொடங்கினர். ஊதியமில்லை, அலுவலகமில்லை, ஓய்வு நேரமே அவர்தம் முதல். 2004இல் ரெட் ஹேட் நிறுவனம் லோகித் எழுத்துருக்களைப் பொதுவில் வழங்கியது. தமிழ்99 விசைப்பலகையும் தனியே வாங்க வேண்டாத ஒன்றாக லினக்சுக்குள் அமைந்தது.

அப்பணியின் பெரும்பகுதி நிரல் எழுதுவதன்று, சொல் தேடுவதே. ஒரு முகப்பில் ஆயிரக்கணக்கான தொடர்கள் உள்ளன. கோப்பு என்பதில் ஒற்றுமை உண்டு. கோப்புகளை இட்டுவைக்கும் இடம் அடைவா, உறையா, கோப்புறையா? இறக்குவதைப் பதிவிறக்கம் என்பதா, தரவிறக்கம் என்பதா? தமிழ்நாட்டில் கணிப்பொறி என்று எழுதிய காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கணினி என்னும் சொல்லே ஊன்றி நின்றது. பின்னர் அதுவே எங்கும் பரவியது. இவை நிரலாளர் தனித்துத் தீர்க்கத்தக்க வினாக்கள் அல்ல. இலக்கணமும் வகுப்பறையும் அறிந்த தமிழாசிரியர்க்கு உரிய வினாக்கள். எனினும் இப்பணியில் ஆசிரியரின் பங்கு தேவைக்கு மிகக் குறைவாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாடுகள் சென்ற வழி

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் பொறுப்பேற்றிருந்த காலத்தில், 2006 தொடங்கி லினக்சுக்கு மாறியது. சீடாக் நிறுவனம் 2007இல் பாஸ் என்னும் இந்திய லினக்சை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே இருந்தன. மாணவர்க்கு இரண்டு கதவுகள் திறந்திருந்தன. பழகிய கதவையே பலர் நாடினர்.

மலேசியாவில் 2004இல் அரசாங்கம் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. எனினும், அதற்கு முந்தைய ஆண்டாகிய 2003இல்தான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அப்பாடங்களை ஒட்டியே கணினிகளும் வகுப்பறைக்குள் வந்தன. ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. கணினி என்றாலே ஆங்கிலம் என்னும் எண்ணம் பிஞ்சு நெஞ்சில் பதிய இது ஏதுவாயிற்று.

லினக்சைத் தமிழில் நிறுவ முனைந்த ஜொகூர்த் தமிழருக்கு மற்றோர் உண்மையும் விளங்கியது. மொழியைத் தேரும்போது நாட்டையும் தேர வேண்டும். லினக்சின் அடிப்படை நூலகத்தில் நெடுங்காலம் தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை என்னும் இரண்டே இருந்தன, தமிழ்-மலேசியா இல்லை. முகப்பு தமிழில் பேசிற்று. பணக்குறியோ ரிங்கிட்டாக இல்லாமல் உரூபாயாக நின்றது. இது யாருடைய வஞ்சனையும் அன்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கோப்பை எழுதித் தர ஆள் இருந்தனர். மலேசியாவுக்கு எழுதித் தர ஆள் வரவில்லை. உரிமை இருந்தது, உழைப்பு வரவில்லை.

2013இல் லினக்ஸ் பிறிதொரு வேடத்தில் இந்நாட்டுப் பள்ளிகளுக்குள் புகுந்தது. ஒரு கோடி மாணவர், ஆசிரியர், பெற்றோர்க்குக் கூகுள் செயலிகளை வழங்கவும், பள்ளிகளுக்குக் குரோம்புக் மடிக்கணினிகளை அனுப்பவும் மலேசியா முடிவெடுத்ததை அவ்வாண்டு ஏப்ரலில் கூகுள் அறிவித்தது. குரோம்புக்கின் இயங்குதளம் லினக்சின்மேல் கட்டப்பட்டதே. ஆயினும் அதன் முகப்பையும் போக்கையும் வகுப்பது ஒரு நிறுவனமே. அடித்தளம் சொந்த வீட்டினது. வாழ்க்கை லயத்து வீட்டினது! பெயரில் லினக்ஸ் இருத்தல் போதாது, அதனைத் திருத்தும் உரிமையும் திருத்தும் திறனும் பயன்படுத்துவோரிடம் இருத்தல் வேண்டும் என்பதை இது தெளிவாக்குகின்றது.

ஆசிரியர்க்கு ஒரு கடன்

லினக்ஸ் மேசைக் கணினிகளில் பெரும்பான்மை பெறவில்லை. அச்சுப்பொறி இணங்காமை, பழகிய மென்பொருள் கிட்டாமை, பழுது நேர்ந்தால் அருகில் கேட்க ஆளின்மை ஆகிய குறைகள் மெய்யானவை. எனினும் ஒரு மொழியின் வரலாற்றை எண்ணிக்கை மட்டும் எழுதுவதில்லை. யாரிடமும் கையேந்தாமல் கணினியைத் தமிழில் பேசவைக்க முடியும் என்பதை லினக்சே மெய்ப்பித்துக் காட்டியது.

கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் இட்ட வெள்ளி தோட்டம் வாங்கப் போதுமானதன்று; பலர் இட்டபோதே நிலம் கிடைத்தது. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு நூறு தொடர்களைத் திருத்தித் தந்தாலும், ஒரு மாணவர் குழு தமிழ்-மலேசியாவுக்கு உரிய சிறு கோப்பைச் செப்பஞ்செய்தாலும், அது வருங்காலத் தமிழ்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் உரிய சொத்தாகும். வீடு திறந்தே இருக்கின்றது. குடிபுகுந்து விளக்கேற்றுவோரே வேண்டும்.