கல்வெட்டுக்கும் ஒரு பேரேடு

பி.காம். படிக்கிறவனுக்குக் கல்வெட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். புராஜெக்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி அறுபது படிவங்கள் நிரப்பினேன். எது எந்தக் கடையுடையது என்று எண் போட மறந்துவிட்டேன். கணக்கு இடித்தபோது சரிபார்க்க வழியில்லை. மறுபடியும் அத்தனை கடைக்கும் நடந்தேன்! அப்போதுதான் எங்கள் ஊர்ப் பழைய கதை ஒன்றின் அருமை புரிந்தது.

எங்கள் திருக்கோகர்ணத்தில் இருக்கும் அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானம் இன்னொரு பெரிய வேலையும் செய்தது. கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் இருந்த கல்வெட்டுகளைத் திரட்டியது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். இதுதான் படியெடுத்தல்.

1929-ல் 1,130 கல்வெட்டுகளின் மூல வாசகம் அரச மரபு வாரியாக நூலானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எங்கள் பாஷையில் சொன்னால் வவுச்சர் நம்பர்! இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்ணைச் சொல்லியே மேற்கோள் காட்டுகிறார்கள். கே.ஆர்.சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1941-லும் 1946-லும்தான் வந்தது. விளக்கம் தயாராகட்டும் என்று மூலத்தைப் பூட்டி வைக்கவில்லை. அதனால் மொழிபெயர்ப்பில் தவறு இருந்தாலும் மூலத்தோடு யாரும் ஒப்பிடலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறை எடுத்த தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பல ஆண்டுகளாக மைசூரில் இருந்தன. பல இன்னும் அச்சேறவில்லை என்ற குறை நீண்ட நாளாக உண்டு. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

திருப்பணியில் கல் இடம் மாறும், மணல் வீச்சில் எழுத்து தேயும். அப்புறம் நமக்கு மிஞ்சுவது படியும் அச்சான வாசகமும் மட்டுமே. எண்ணில்லாத படி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத காகிதம். வெளியிடாத படியோ, இருந்தும் இல்லாத மாதிரிதான்.

புராஜெக்ட் செய்யும் தோழர்களே, முதல் படிவத்திலேயே எண் போடுங்கள். மூலத்தைத் திருத்தாமல் தனியே வையுங்கள். தகவல் தந்தவர் பெயரை மறைத்துவிட்டு மற்றதை அடுத்த செட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். 1929-ல் முடிந்தது நம்மால் முடியாதா?