அடுப்பங்கரையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

தீபாவளிக்கு அகார் அகார் காய்ச்சுகிறோம். வெள்ளை உடுப்புக்குக் கஞ்சி போடுகிறோம். வீட்டுப் பெண்கள் செய்யும் இந்த இரண்டு வேலையுமே விஞ்ஞானத்துக்கு வழிகாட்டின என்றால் நம்புவீர்களா?

1881-இல் ஜெர்மனியில் டாக்டர் வால்டர் ஹெஸ் ஜெலட்டின் கூழில் கிருமிகளை வளர்த்து வந்தார். கோடை வெப்பத்தில் அது உருகிப் போய்விடும். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ், ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் அகார் அகார் செய்யக் கற்றிருந்தார். "அதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். பலித்தது! உறைந்த அகார் சுமார் 85 டிகிரி சூடேறினால்தான் மறுபடி உருகும். மறு ஆண்டே ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகார் இடம்பெற்றது; அம்மையார் பெயர் இடம்பெறவில்லை.

அடுத்தது கஞ்சியின் கதை. இரத்தத்தில் கலந்துள்ள புரதங்களை மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பதற்கு எலெக்ட்ரோபோரெசிஸ் என்று பெயர். முன்பு ஈர மாவில் இதைச் செய்துவிட்டு, மாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். கனடாவில் டொரோண்டோ நகரில் வேலை செய்த ஆலிவர் ஸ்மித்தீஸ் இதைப் பார்த்தார். சிறு வயதில் தம் தாயார் சட்டைக்குப் போட்ட கஞ்சி, ஆறியதும் கட்டியாக உறைந்தது அவர் ஞாபகத்துக்கு வந்தது. மாவைக் காய்ச்சி உறையவிட்டு, சாயம் ஏற்றிப் பார்த்தார். முன்பு தெரியாத புரதங்கள் எல்லாம் வரிவரியாகத் தெரிந்தன. 1955-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. வேறோர் ஆராய்ச்சிக்காக 2007-இல் அவர் நோபல் பரிசும் பெற்றார்.

1961-இல் சுவீடனின் ஸ்டெல்லன் ஹெர்டேன், அகாரிலிருந்து பிரித்த அகாரோசை இந்த வேலைக்குக் கொண்டு வந்தார். செய்முறை நம்ம வீட்டுச் சங்கதிதான். அகாரோஸ் தூளை உப்புக் கரைசலில் தெளியும்வரை கொதிக்க வைத்து, தட்டில் ஊற்றி, சீப்பு போன்ற ஒன்றைச் செருகுவார்கள். உறைந்ததும் சீப்பை எடுத்தால் சிறு குழிகள் இருக்கும். அவற்றில் மரபணுப் பொருளை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டுகள் முந்தி ஓடும், பெரியவை பிந்தும். தலசீமியா போன்ற இரத்தக் கோளாறுகளைக் கண்டறியவும் எலெக்ட்ரோபோரெசிஸ் உதவுகிறது.

பிள்ளைகளா, விஞ்ஞானம் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாது என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் பினாங்கிலேயே இருக்கிறது. அம்மா அகார் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பாருங்க, "ஏன் உறைகிறது?" என்று கேளுங்க. பெற்றோர்களே, அந்தக் கேள்வியைத் தயவுசெய்து அதட்டி அடக்கிவிடாதீர்கள்!