நிலவு மறைந்த பின்னும் கேட்கும் செவிகள்

சந்திரயான்-3 விண்கலத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் 2023 ஆகஸ்ட் 23 மாலை நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது நாடே மகிழ்ந்தது. அதன் திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் பண்ருட்டிக்கு அருகேயுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்தவர் என்பதால், எங்கள் பகுதியில் அந்த மகிழ்ச்சி இரட்டிப்பானது. ஆனால், அந்தக் கலத்தோடு இரவும் பகலும் பேசிய அயல்நாட்டு நிலையங்களைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

நிலவுக் கலங்களுடன் தொடர்புகொள்ள, பெங்களூரு அருகே பியாலாலுவில் இஸ்ரோவின் 18 மீட்டர், 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்கள் உள்ளன. பூமி சுழல்வதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரமே அவை நிலவைக் காண முடியும். எஞ்சிய நேரத்தில் வேறு கண்டத்திலுள்ள ஆன்டெனாதான் கலத்தின் குரலைக் கேட்க வேண்டும். அனுப்பிய அலை திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவும், அலைவெண் மாற்றத்தைக் கொண்டு வேகமும் கணிக்கப்படுகின்றன. எனவே, தொடர்பு அறுந்தால் கலத்தின் நிலை குறித்த தகவல்கள் வருவது நிற்பதோடு, அதன் பாதையை அளப்பதும் தடைப்படும்.

சந்திரயான்-3 திட்டத்தில் இந்த இடைவெளியை நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பும், ஐரோப்பிய விண்வெளி முகமை வழியே கிடைத்த கூரூ (பிரெஞ்சு கயானா), கூன்ஹில்லி (இங்கிலாந்து) நிலையங்களும் நிரப்பின. தரையிறங்கும் வேளையில் ஆஸ்திரேலியாவின் நியூ நார்சியாவிலுள்ள 35 மீட்டர் ஆன்டெனாவும் துணை நின்றது.

இதை நான் இரவலாகக் கருதவில்லை. கொண்டும் கொடுத்தும் வளர்ந்த உறவு இது. 2008-இல் சந்திரயான்-1 நாசாவின் கனிம ஆய்வுக் கருவியை நிலவுக்குச் சுமந்து சென்றது. நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்று அக்கருவியின் வழியே 2009-இல் உலகுக்குத் தெரிந்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள்களை நமது பிஎஸ்எல்வி ஏவியது.

ஒரு நாட்டின் கலம் அனுப்பும் தரவை இன்னொரு நாட்டின் நிலையம் புரிந்துகொள்ளப் பொதுவான தரவு மரபு தேவை. அதை வகுப்பதற்காகவே விண்வெளி முகமைகள் 1982-இல் கூட்டுக்குழு அமைத்தன.

அடுத்து, ககன்யானில் மனிதர்கள் செல்லவிருக்கிறார்கள். சுமார் 400 கி.மீ. உயரத்தில் விரையும் கலத்தை ஒரு தரை நிலையம் சில நிமிடங்களே காண இயலும். ஆகவேதான் ஆஸ்திரேலியாவின் கோகோஸ் தீவில் தற்காலிக நிலையம் அமைக்க ஏற்பாடாகியுள்ளது. தரவை இடைநின்று கடத்தும் சொந்தச் செயற்கைக்கோள்களையும் இஸ்ரோ திட்டமிட்டுள்ளது.

நாடுகளின் உறவு என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. உயிர்கள் பயணிக்கும் கலத்துக்கு அயலாரின் நல்லெண்ணம் மட்டுமே காப்பாகிவிடாது. சொந்தக் கட்டமைப்பை விரிவாக்க வேண்டும். அதேபோல், பியாலாலுவின் நேரத்தைப் பிற நாடுகளின் கலங்களுக்கும் தாராளமாக வழங்க வேண்டும். கொடுக்கும் வலிமை உள்ளவரிடமே பிறர் நிலையான உறவு நாடுவர். விண்வெளியில் தற்சார்பும் ஒத்துழைப்பும் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள்.