குசினிக்குள் வந்த கோதுமை மா

யாழ்ப்பாணத்திலே சமையல் செய்யும் இடத்துக்குக் குசினி என்று பெயர். அடுக்களை என்ற சொல்லும் அடுப்படி என்ற சொல்லும் நம்மிடம் இருக்கவே, போர்த்துக்கேயரின் சொல்லை எடுத்துக்கொண்டோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து போய்விட்டார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையாத ஆட்சி. ஆயினும் அவர்கள் விட்டுப்போன சொல் இன்றும் வீட்டுக்குள் இருக்கிறது. அறைக்குப் பெயர் மாறியதே தவிர உள்ளே இருந்த அடுப்பும் அம்மியும் உரலும் சுளகும் அகப்பையும் தமிழாகவே இருந்தன. கோட்டைகளைப் பற்றி எழுதிய நமது வரலாற்றாசிரியர்கள் இந்தச் சங்கதியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்பது எனது எண்ணம்.

பாண் என்பதும் அவர்கள் தந்த சொல்லே. ஆனால் பாண் கடையிலே வாங்கும் பொருளாகவே நின்றுவிட்டது. போறணை நமது வீடுகளுக்குள் வரவில்லை. நாம் ஆவியிலே அவித்து உண்ணும் மக்கள். இந்தப் பழக்கத்தின் வலிமையை அறிய வேண்டுமானால் கோதுமை மாவின் கதையைப் பார்க்க வேண்டும்.

குடாநாட்டு வயல்கள் வானத்தை நம்பியவை. அங்கு விளைந்த நெல் ஆண்டு முழுவதற்கும் போதாது. நாடு முழுவதுமே பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த காலம் அது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, சங்கக்கடை வாசலில் வரிசை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் மா போகவில்லை. 'அமெரிக்கன் மா' என்று பெயர் சூட்டி நாமே அதை வைத்துக்கொண்டோம்.

இந்த மாவை நமது பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்புத் தருவது. பச்சையாகக் குழைத்தால் அது கையில் ஒட்டும், பிட்டுக்கு உதிராது. எனவே துணியிலே கட்டி முதலில் அவித்தார்கள். சூடு ஆறுமுன் கட்டியை உடைத்து அரிதட்டில் அரித்தார்கள். அதன் பின்னர் அது அரிசி மாவைப் போலவே பணிந்து நடந்தது. சுடுநீர் விட்டுக் குழைத்து, சுண்டின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் வைத்தால் பிட்டு. உரலில் போட்டுப் பிழிந்தால் இடியப்பம். கடல் கடந்து வந்த தானியம் பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இந்த முறையை முதலில் கண்டுபிடித்தவளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்நிய மா நமது உணவைக் கெடுத்தது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அப்படிப் பேசுவோரில் அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்தவர்கள் எத்தனை பேர்? விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்ணுக்குக் கோதுமை மா இரண்டு மணி நேர உறக்கத்தைக் கொடுத்தது. வசதி படைத்த வீடுகளிலோ வேறொரு கதை. அங்கே நெல்லுக் குத்தவும் மா இடிக்கவும் வந்தவர்கள் தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள். கோடிப்புறந்தான் அவர்களுக்கு எல்லை. அவர்கள் இடித்த மா குசினிக்குள் போகும், அவர்கள் போக முடியாது. தாகத்துக்குத் தண்ணீர் சிரட்டையிலே வார்க்கப்படும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், அறுபதுகளின் பிற்பகுதியில், தேநீர்க்கடைக்குள் இருந்து மற்றவர்கள் குடிக்கும் கோப்பையிலேயே குடிப்பதற்காக யாழ்ப்பாணத்திலே போராட வேண்டியிருந்தது. பழைய சமையலைப் புகழும்போது இதை மறந்துவிடலாகாது.

அரிசியின் விலை அரசையே ஆட்டியதும் உண்டு. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பொற்காலமாக அமைந்தது. 1977க்குப் பின் அது கலைந்தது. 1990இல் தொடங்கிய யுத்தத்தின்போது மண்ணெண்ணெய் அரும்பொருளானது. கங்குமட்டையும் பன்னாடையும் தென்னம் பொச்சும் அடுப்பெரித்தன. அக்காலத்தில் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர் போக்கிப் பிட்டவிக்கத் தெரிந்த கிழவிகளுக்கு ஊரிலே புது மரியாதை கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2022இல் எரிவாயு இல்லை, கோதுமை மா விலையோ எட்டாத உயரம். கொழும்பின் மாடி வீடுகளில் விறகு மூட்ட இடமேது? எங்கள் வீட்டில் மீண்டும் அரிசி ஊறப்போட்டோம். இடிக்க உரல் இல்லை. அந்த மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. மின்சாரம் வரும் வேளை நள்ளிரவானாலும் மனைவி எழுந்து கிறைண்டரில் மா அரைத்தாள். நான் அரிதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.